"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்"னு இனிமே யாரும் சொல்லாதீங்க

1/ போன வாரம் ஓபி. சளி, இருமல்னு இரண்டரை வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு ஒரு அம்மாவும் பாட்டியும் வந்தாங்க. அம்மாவுக்கு உப்பளத்துல கூலி வேலை. சளி பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா குழந்தை உட்காரல. கழுத்து சரியா நிக்கல. ரெண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கிட்டு விறைப்பா இருந்துச்சு. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ "ஏம்மா, இத யார்கிட்டயும் காட்டலையா?"ன்னு கொஞ்சம் கோபமாவே கேட்டுட்டேன். பாட்டிதான் பதில் சொன்னாங்க: "காட்டாம என்ன டாக்டரம்மா, எட்டு மாசத்துலயே காட்டுனோம். பொறுத்துப் பாருங்கன்னாங்க." மஞ்சப்பையிலேருந்து கசங்கின ஒரு ஓபி சீட்டை எடுத்துக் குடுத்தாங்க. வளர்ச்சி தாமதம், ஒரு சிரப், 3 மாதம் கழித்து வரவும். கீழே இருந்த கையெழுத்து என்னோடது.

3/ அப்ப நான் வேற ஒரு இடத்துல வேலை பார்த்தேன். ஓபியில நல்ல கூட்டம். அதெல்லாம் சாக்குதான். அதனால இந்த இழை யாருக்கும் உபதேசம் இல்ல. முதல் குற்றவாளி நான்தான். ஆனா நான் மட்டும் இல்லங்கிறதையும் சொல்லித்தான் ஆகணும்.

4/ அந்தக் குழந்தைக்கு இருக்கிறது செரிப்ரல் பால்சி. தமிழ்ல மூளை முடக்குவாதம். வளர்ந்துக்கிட்டு இருக்கிற மூளை கருவிலோ, பிரசவத்திலோ, பிறந்த முதல் சில வருஷத்திலோ பாதிக்கப்படுறதால உடல் அசைவும் நிலையும் வாழ்நாள் முழுக்கச் சிக்கலாகிற நிலை. இந்தியாவுல ஆயிரம் குழந்தைகளுக்குச் சுமார் 3 பேர். தொற்று நோய் இல்ல. சாபம் இல்ல.

5/ ஒரு முக்கியமான விஷயம். மூளையில விழுந்த அந்தக் காயம் பெருசாகாது. ஆனா அதனால உடம்புல வர்ற விளைவு பெருசாகிக்கிட்டே போகும். தசை இறுகும், இடுப்பு எலும்பு விலகும், முதுகு வளையும். "காயம் அப்படியேதானே இருக்கு, மெதுவாப் பார்க்கலாம்"னு நினைக்கிறது இங்கதான் தப்பாப் போகுது.

6/ நம்ம ஊர்ல இந்தக் குழந்தைங்க கடக்கிற பாதை எல்லாருக்கும் தெரியும். முதல்ல "இவங்க அப்பனே ரெண்டு வயசுலதான் நடந்தான்." அப்புறம் "உரம் விழுந்திருக்கும், சேலையில போட்டு உருட்டு." அப்புறம் பட்சி தோஷம், கயிறு, தாயத்து. கடைசியா டாக்டர். அவர் ஒரு சிரப் எழுதிட்டு "பொறுத்துப் பார்ப்போம்"பார். இதுக்குள்ள வயசு ஒண்ணரை.

7/ பாட்டிங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்க மெடிக்கல் காலேஜ் போகல, நாங்க போனோம். உரம் எடுக்கிறவர் சொன்ன அதே வார்த்தையை ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கிட்டு நாங்க சொன்னா, எங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? இன்னும் சொல்லப்போனா எங்க வார்த்தைதான் அதிக ஆபத்து. ஏன்னா அதை நம்பி அவங்க தேடுறதையே நிறுத்திடுறாங்க.

8/ ஏன் இப்படி? எம்.பி.பி.எஸ். படிச்ச எல்லாருக்கும் தெரியும், குழந்தைகள் பிரிவு பரீட்சையில மூளை முடக்குவாதம் வழக்கமா வர்ற ஒரு லாங் கேஸ். பெட்ல நாலு வயசு, அஞ்சு வயசுக் குழந்தை. கால் பின்னல், விறைப்பு, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நாலு வயசுல கண்டுபிடிக்க எங்களுக்கு நல்லாவே சொல்லிக் குடுத்தாங்க. நாலு மாசத்துல கண்டுபிடிக்க யாரும் சொல்லித் தரல.

9/ சரி, நாலு மாசத்துல கண்டுபிடிச்சா என்ன லாபம்? மூளை வளர்ற விதத்தைப் பார்த்தா புரியும். ரெண்டு வயசு முடியறதுக்குள்ள மூளையோட அளவு பெரியவங்க மூளையில சுமார் 80 சதவீதத்தை எட்டிடும். அந்த ரெண்டு வருஷத்துலதான் எந்த நரம்புப் பாதை இருக்கணும், எது போகணும்னு மூளை முடிவு பண்ணுது.

10/ நாம கடைமடைக்காரங்க, நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்ல. தண்ணி ஓடுற வாய்க்கால் நிக்கும், ஓடாத வாய்க்கால் தூர்ந்துபோகும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்குப் போற அசைவுப் பாதைகளும் அப்படித்தான்னு இங்கிலாந்துல நியூகாசில் நகரத்து ஆராய்ச்சியாளர் ஜேனட் ஐர் குழு காட்டுச்சு. ரெண்டு பக்கப் பாதையும் போட்டி போடும். வேலை செய்யாத பக்கம் தோத்து, சுருங்கிடும்.

11/ மாறுகண் குழந்தைக்குச் சின்ன வயசுலயே நல்ல கண்ணை மூடி, சோம்பல் கண்ணுக்கு வேலை குடுக்கிறோம்ல? பத்து வயசு ஆகட்டும்னு யாராவது காத்திருப்போமா? 2007-ல ஜேனட் ஐர் எழுப்பின கேள்வியும் இதுதான்: ஒரு பக்கம் மட்டும் பாதிக்கிற மூளை முடக்குவாதமும் சோம்பல் கண் மாதிரிதானா? கையும் காலும் கண்ணுக்கு இளைச்சதா என்ன?

12/ ஆக, "பொறுத்துப் பார்ப்போம்"னா ஒண்ணும் செய்யாம இருக்கிறதுன்னு அர்த்தம் இல்ல. வாய்க்கால் தூர்ந்துபோக விடுறோம்னு அர்த்தம். அதுவும் ஒரு சிகிச்சை முடிவுதான், ரொம்ப மோசமான முடிவு.

13/ இப்ப கண்டுபிடிக்கிற விஷயத்துக்கு வருவோம். ஹெய்ன்ஸ் பிரெக்டல்னு ஒரு விஞ்ஞானி, பச்சைக் குழந்தைங்க மல்லாக்கப் படுத்துக்கிட்டுச் சும்மா கை கால் ஆட்டுறதைப் பல வருஷம் ஆராய்ஞ்சார். பிரசவத் தேதியிலேருந்து 9 முதல் 20 வாரத்துக்குள்ள, ஆரோக்கியமான குழந்தைக்குக் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாத்துலயும் சின்னச் சின்ன, துறுதுறு அசைவு ஓடிக்கிட்டே இருக்கும். அது இல்லன்னா மூளையில பிரச்சினை இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

14/ இதுக்குத் தேவையான கருவி? ஒரு செல்போன். குழந்தை முழிச்சிருக்கும்போது, அழாம இருக்கும்போது, கையில கிலுகிலுப்பை எதுவும் குடுக்காம, மல்லாக்கப் போட்டு 3 நிமிஷம் வீடியோ. பயிற்சி எடுத்த ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு அதைப் பார்த்துச் சொல்லலாம்.

15/ 2017-ல ஆஸ்திரேலியாவோட அயோனா நோவாக் தலைமையில உலக அளவுல நிபுணர்கள் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க. அபாயம் அதிகமுள்ள குழந்தைகள்ல இந்த அசைவுப் பரிசோதனை 98 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்குது. ஹேமர்ஸ்மித் நரம்புப் பரிசோதனைன்னு 26 அம்சம் கொண்ட ஒண்ணு, 90 சதவீதம். கருவி வேண்டாம், பத்து நிமிஷம் போதும். 6 மாசத்துக்கு முன்னாடியே சொல்லிடலாம். அதுவரைக்கும் உலகம் முழுக்கவே 12 முதல் 24 மாசம் வரை காத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க.

16/ இப்ப என் வாதத்தோட மையம். அந்த 9 முதல் 20 வாரத்துக்குள்ள நம்ம ஊர்ல ஒவ்வொரு குழந்தையும் எங்க வருது? தடுப்பூசிக்கு! 6 வாரம், 10 வாரம், 14 வாரம். 14-வது வாரம் பென்டா மூணாவது டோஸ் போடுற அன்னைக்குக் குழந்தை கிராம சுகாதார செவிலியர் முன்னாடியே படுத்திருக்கு. ஊசி போடுறதுக்கு முன்னாடி 3 நிமிஷம் வீடியோ எடுக்க என்ன தடை? புதுக் கட்டடம் வேணுமா? டெண்டர் விடணுமா?

17/ 9-வது மாசம் எம்.ஆர். தடுப்பூசிக்கு வரும்போது ரெண்டே கேள்வி. பிடிக்காம உட்காருதா? ரெண்டு கையையும் ஒரே மாதிரி பயன்படுத்துதா? ஊசி போட்டதைக் குறிக்கிற அதே அட்டையில இதையும் குறிக்கலாம்.

18/ அரசு செய்யட்டும். அதுவரை அம்மா அப்பாக்களே, இதைச் சேமிச்சு வச்சுக்கங்க:
– 4 மாசத்துக்கு மேலயும் கழுத்து நிக்கல
– 4 மாசத்துக்கு மேலயும் எப்பவும் கையை இறுக்கி மூடியே வச்சிருக்கு
– துணி மாத்தும்போது தொடையை விரிக்க முடியாத அளவு விறைப்பு, இல்ல துணி பொம்மை மாதிரி தொய்வு
– 9 மாசத்துல பிடிக்காம உட்காரல
– ஒரு வயசுக்குள்ளயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துது

19/ அந்தக் கடைசிப் பாயிண்ட்ல நிறையப் பேர் ஏமாந்துடுறாங்க. "எங்க பாப்பா எட்டு மாசத்துலயே இடது கைக்காரி"ன்னு பெருமையாச் சொல்லுவாங்க. ஒரு வயசுக்குள்ள எந்தக் குழந்தைக்கும் கைப்பழக்கம் தெளிவா வராது. வந்திருந்தா, இன்னொரு கைக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கணும். குறைமாசக் குழந்தைன்னா வயசைப் பிறந்த நாள்லேருந்து எண்ணாதீங்க, டாக்டர் குடுத்த பிரசவத் தேதியிலேருந்து எண்ணுங்க.

20/ இதைச் சொன்னா ஒரு எதிர்ப்பு வரும்: "தாய்மாரைத் தேவையில்லாம பயமுறுத்துறீங்க. நிறையக் குழந்தைங்க தானா சரியாகிடும்." உண்மை, சில குழந்தைங்க சரியாகிடும். அந்தக் குழந்தைக்கு நாம என்ன கெடுதல் பண்ணிடுவோம்? குப்புறப் போட்டு விளையாட விட்டோம், கைக்கு எட்டுற தூரத்துல பொம்மை வச்சு எடுக்க வச்சோம். அவ்வளவுதான். ஆனா சரியாகாத குழந்தைக்கு நாம பறிச்சது ரெண்டு வருஷம். ரெண்டு தவறும் ஒரே எடை இல்ல.

21/ அடுத்த எதிர்ப்பு: "எப்படியும் குணமாகாது, அப்புறம் எதுக்கு?" குணமாகாதுங்கிறது சரி. பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன். ஆனா இந்தக் குழந்தைங்கள்ல மூணுல ரெண்டு பேர் நடப்பாங்க. நாலுல மூணு பேர் பேசுவாங்க. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடே இல்ல. இதை எத்தனை குடும்பத்துக்கு நாம சொல்லியிருக்கோம்?

22/ இடுப்பு எலும்பு விஷயத்தையே எடுத்துக்கங்க. மூணுல ஒரு குழந்தைக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும். அப்புறம் உட்கார முடியாது, வலி தாங்காது. ஸ்வீடன்ல 1994-லேருந்து எல்லாக் குழந்தையையும் பதிவு பண்ணி, முறையா எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிச்சாங்க. விலகல் ஆரம்பிச்ச உடனே சிகிச்சை. முழுசா மூட்டு நழுவிப் போறதை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிட்டாங்க.

23/ இது மூளையைக் குணமாக்குற மந்திரம் இல்ல. ஒரு இடுப்பு எக்ஸ்ரே. எக்ஸ்ரே மெஷின் நம்ம தாலுகா ஆஸ்பத்திரிகள்லயே இருக்கு. இல்லாதது, எடுக்கணும்ங்கிற எண்ணம்.

24/ அதே மாதிரிதான் வலிப்பு, காது, கண், விழுங்குறதுல சிரமம். நாலுல ஒரு குழந்தைக்கு வலிப்பு வரும், மாத்திரையில கட்டுப்படுத்தலாம். பாதிப்பு ஒரு பக்கக் கையிலன்னா, நல்ல கையைக் கொஞ்ச நேரம் கட்டிவச்சு மத்த கைக்கு வேலை குடுக்கிற பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கு. சீக்கிரம் தெரிஞ்சாதான் இதெல்லாம் சீக்கிரம் ஆரம்பிக்க முடியும்.

25/ இப்ப கொஞ்சம் எங்க ஆளுங்களைத் திட்டணும். மூளை டானிக்! பைராசிட்டாம், சிட்டிகோலின் சிரப். இந்தக் குழந்தைங்களோட சீட்டை எடுத்தா அடிக்கடி இதுல ஒண்ணு இருக்கும். மூளை முடக்குவாதத்துல இது பலன் தரும்னு நம்பகமான ஆதாரம் இல்ல. ஏன் எழுதுறோம்? வெறும் கையோட அனுப்பக் கூடாதுங்கிற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ஒரு உப்பளக் கூலிக்காரம்மா மாசாமாசம் பணம் கட்டுறாங்க.

26/ அதைவிடக் கொடுமை ஸ்டெம் செல் வியாபாரம். நகையை அடகு வச்சு, லட்சக்கணக்குல கட்டுறாங்க. ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல் தெளிவாச் சொல்லுது: அங்கீகரிக்கப்பட்ட ரத்த நோய் மாதிரி சில சிகிச்சைகளைத் தவிர, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லைப் பயன்படுத்துறது நெறிமுறைக்கு எதிரானது. ஆய்வுன்னா நோயாளிகிட்ட பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டா அது ஆய்வு இல்ல, எழுந்து வந்துடுங்க.

27/ ஒண்ணு கவனிங்க. எட்டாவது மாசத்துல "பொறுத்துப் பாருங்க"ன்னு சொன்ன நாங்கதான் மூணாவது வயசுல அந்தக் குடும்பத்தை ஸ்டெம் செல்காரன் வாசலுக்கு அனுப்பி வைக்கிறோம். செய்ய வேண்டியதை நேரத்துல சொல்லியிருந்தா, செய்யக் கூடாததைத் தேடிப் போயிருக்க மாட்டாங்க.

28/ இன்னொரு பக்கம், "எல்லாம் பிரசவத்துல டாக்டர் பண்ணின தப்பு". 1861-ல லண்டன்ல வில்லியம் லிட்டில் இதைப் பிரசவச் சிக்கலோட இணைச்சார். 1897-ல சிக்மண்ட் ஃபிராய்டு, ஆமா, அதே ஃபிராய்டுதான், மறுத்தார்: சிக்கலான பிரசவமே கருவுல ஏற்கெனவே நடந்த பாதிப்போட அறிகுறியா இருக்கலாம்னார். ரெண்டு பேரு சொன்னதுலயும் உண்மை இருக்கு.

29/ தமிழ்நாட்டுல 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில, 44.9 சதவீதம் சிசேரியன் (2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு). அதனால மட்டும் மூளை முடக்குவாதம் ஒழிஞ்சுடல. வளர்ந்த நாடுகள்ல சிசேரியன் பல மடங்கு கூடின காலத்துல இது குறையவே இல்ல. கத்தியால தடுக்க முடியுற பங்கு ஒரு பகுதிதான். அதுக்காகத் தடுக்கவே முடியாதுன்னும் இல்ல.

30/ தடுக்கக் கூடியது 1: மஞ்சள் காமாலை. பிறந்த 3-5 நாள்ல உச்சத்துக்குப் போகும். அப்ப அம்மாவும் குழந்தையும் வீட்டுக்குப் போயிருப்பாங்க. "காலை வெயில்ல காட்டு, சரியாகிடும்." பிலிருபின் ரொம்ப ஏறினா மூளையோட ஆழத்துல படிஞ்சு, கை கால் கட்டுப்பாடில்லாம முறுக்குற வகை முடக்குவாதமும் காது கேளாமையும் வரும். அறிவு அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் கேட்காது.

31/ 1956-ல இங்கிலாந்துல ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரி நர்ஸ் ஜீன் வார்டு, வெளிச்சம் பட்ட இடத்துல குழந்தையோட மஞ்சள் குறைஞ்சதைக் கவனிச்சாங்க. அதுலேருந்து வந்ததுதான் நீல விளக்கு சிகிச்சை. வெயில் அதுக்கு மாற்று இல்ல, அளவும் நிச்சயம் இல்ல. முதல் 24 மணி நேரத்துல மஞ்சள், இல்ல உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், இல்ல பால் குடிக்காம துவண்டு கிடக்குதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்கு இல்ல.

32/ தடுக்கக் கூடியது 2: குறைமாசப் பிரசவத்துல மெக்னீசியம் சல்ஃபேட். 2008-ல வெளிவந்த அமெரிக்க ஆய்வுல, ரொம்பக் குறைமாசத்துல பிரசவமாகப் போற தாய்மாருக்கு இதைக் குடுத்தப்ப, மிதமான மற்றும் தீவிரமான மூளை முடக்குவாதம் 3.5 சதவீதத்துலேருந்து 1.9 ஆச்சு. விலை குறைஞ்ச மருந்து, வலிப்பு வர்ற கர்ப்பிணிக்காகப் பிரசவ அறையில ஏற்கெனவே இருக்கிறது. இந்தத் தேவைக்கு நினைவு வச்சுக் குடுக்கிறோமா?

33/ தடுக்கக் கூடியது 3: அயோடின். கருவுல கடுமையான அயோடின் குறைபாடு இருந்தா காது கேளாமை, கால் விறைப்பு, மூளை வளர்ச்சிக் குறைவு எல்லாம் வரும். பப்புவா நியூ கினியில கர்ப்பத்துக்கு முன்னாடியே அயோடின் குடுத்துத் தடுத்துக் காட்டினாங்க, 1971-லயே ஆய்வு வெளிவந்துடுச்சு. 2018-19 தேசிய ஆய்வுல, போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்துற வீடுகள் இந்தியாவுல 76.3 சதவீதம், தமிழ்நாட்டுல 61.9. நாட்டுலயே கடைசி.

34/ 1930-ல ராஜாஜி உப்பு அள்ளின ஊரு இது. அகஸ்தியம்பள்ளி உப்புக்கு ஈடில்லன்னு நமக்குப் பெருமை. இருக்கட்டும். ஆனா பாத்தியிலேருந்து அப்படியே அள்ளிட்டு வர்ற கல்லுப்புல அயோடின் கிட்டத்தட்ட இல்ல. கடல்லேருந்து வந்ததால இருக்கும்னு நினைக்காதீங்க. வீட்டுல கர்ப்பிணி இருந்தா அயோடின் கலந்த உப்பு, அது கல்லுப்போ தூளுப்போ.

35/ "வெளிநாட்டு மெஷின் வந்தா எல்லாம் சரியாகிடும்"னு நம்புறவங்களுக்கு ஒரு கதை. மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தையைக் குளிர்விச்சா மூளை காக்கப்படும்ங்கிறது பணக்கார நாடுகள்ல நிரூபணமான சிகிச்சை. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேசத்துல 7 மருத்துவமனைகள், 408 குழந்தைகள்ல ஹீலிக்ஸ்ங்கிற ஆய்வு நடந்துச்சு. 2021-ல முடிவு: குளிர்விச்சவங்கள்ல இறப்பு 42 சதவீதம், குளிர்விக்காதவங்கள்ல 31. பலன் இல்ல, இறப்பு அதிகம்.

36/ அதனால எங்க குழந்தைங்க மூளையைப் பத்தி எங்க மண்ணுலயே ஆராயணும். லண்டன்ல வேலை செஞ்சதை இங்க இறக்கினா போதும்ங்கிறதும் ஒரு மூடநம்பிக்கைதான், கோட்டு போட்ட மூடநம்பிக்கை.

37/ நல்ல செய்தியும் இந்த மண்ணுலயே இருக்கு. 1985-ல பூனம் நடராஜன் சென்னையில ஆரம்பிச்ச வித்யாசாகர். 1981-லேருந்து தென்காசி ஆய்க்குடியில அமர் சேவா சங்கம். ஊர்க்காரங்களுக்கே பயிற்சி குடுத்து, வீட்டுக்கே போய், அம்மாவுக்குச் சொல்லிக் குடுக்கிற முறையை ஆய்க்குடியில செஞ்சு காட்டியிருக்காங்க. செய்ய முடியாததை ஒண்ணும் நான் கேட்கல.

38/ வேதாரண்யத்துலேருந்து தெரபிக்கு நாகப்பட்டினமோ, திருவாரூரோ, தஞ்சாவூரோ போகணும்னா அன்னைக்குக் கூலி போச்சு, பஸ் செலவு வேற, விறைச்ச குழந்தையை மடியில வச்சுக்கிட்டு. வாரம் ரெண்டு நாள் எந்தத் தாயால முடியும்? அப்புறம் "பெற்றோர் ஒத்துழைக்கவில்லை"ன்னு கேஸ் ஷீட்ல எழுதுறோம். காவிரித் தண்ணி மட்டும்தான் கடைமடைக்கு வராதுன்னு நினைச்சேன். தெரபியும் அப்படித்தான்.

39/ என் கோரிக்கைகள்:
அ) 14-வது வாரத் தடுப்பூசி அன்னைக்கு அசைவு வீடியோ. அதைப் பார்த்துச் சொல்ல மாவட்டத்துக்குச் சிலருக்குப் பயிற்சி.
ஆ) மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்குப் போற பிசியோதெரபிஸ்ட், பக்கவாதம் வந்த தாத்தாவோட நின்னுடாம இந்தக் குழந்தைங்களையும் கட்டாயம் பார்க்கணும்.
இ) ஒவ்வொரு குழந்தைக்கும் இடுப்பு எக்ஸ்ரே பதிவேடு.
ஈ) எம்.பி.பி.எஸ். பரீட்சையில நாலு வயசு கேஸ் வைக்கிற மாதிரி, நாலு மாசக் குழந்தையையும் வைங்க.

40/ "நீ வெறும் எம்.பி.பி.எஸ்., இதெல்லாம் நரம்பியல் நிபுணர் பேச வேண்டியது"ன்னு சிலர் வருவீங்க. வாங்க. இந்தக் குழந்தையை முதல்ல பார்க்கிறது நிபுணர் இல்ல. கிராம செவிலியரும் வெறும் எம்.பி.பி.எஸ்.ஸும்தான். அந்த முதல் பார்வையில தவறவிட்டா, நிபுணர்கிட்ட போறப்ப அது லாங் கேஸாத்தான் போகும்.

41/ ஏற்கெனவே கண்டறியப்பட்ட குழந்தை இருக்கிற வீடுகளுக்கு: யு.டி.ஐ.டி. அட்டை வாங்குங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இந்த நிலை பேர் சொல்லி இருக்கு. தேசிய அறக்கட்டளையோட நிராமயா திட்டத்துல ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. தகுதி இருந்தா தமிழக அரசோட மாதப் பராமரிப்புத் தொகையும் கிடைக்கும். கேட்டு வாங்குங்க, அது பிச்சை இல்ல.

42/ அம்மாக்களுக்கு ஒரே வார்த்தை. நீங்க கிரகணத்துல வெளிய வந்ததால இது வரல. பப்பாளி சாப்பிட்டதால வரல. மாமியார் என்ன சொன்னாலும் சரி.

43/ அந்தக் குழந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தோம். ஒரு பக்கம் விலக ஆரம்பிச்சிருக்கு. எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கேன், காது, கண் பரிசோதனைக்கும் எழுதியிருக்கேன். எப்படித் தூக்கணும், எப்படி உட்கார வைக்கணும், எப்படி ஊட்டணும்னு அம்மாவுக்குக் காட்டினேன். ரெண்டு வாரத்துல திரும்ப வரணும். சிரப் எதுவும் எழுதல.

44/ கிளம்பும்போது அந்த அம்மா கேட்டாங்க: "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்குமாம்மா? எங்க தப்புதானே?"

நீங்க முன்னாடியே வந்தீங்கம்மா. எட்டு மாசத்துலயே வந்தீங்க. நான்தான் திருப்பி அனுப்பினேன்.

இதை அவங்ககிட்டயும் சொன்னேன். இங்கயும் சொல்றேன். உங்க வீட்டுல, தெருவுல 14 வாரக் குழந்தை இருந்தா இந்த இழையை அந்த அம்மாவுக்கு அனுப்புங்க. யாராவது "பொறுத்துப் பார்ப்போம்"னா, "எதுக்காக, எத்தனை நாள், அதுவரைக்கும் என்ன செய்யணும்?"னு திருப்பிக் கேளுங்க. பதில் சொல்லத் தெரியலன்னா, அவர் டாக்டராவே இருந்தாலும், வேற ஆளைப் பாருங்க.